கல்மாவு

நான்கு எண்ணுவதற்குள் கருப்புசாமிக்கு மூச்சு உடைந்துவிட்டது. ஸ்கேன் மெஷினுக்குள் பதிவு செய்து வைத்திருந்த பெண் குரல் மறுபடி, "மூச்சை நல்லா உள்ள இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்றது. இழுத்தான். நிறுத்துவதற்குள் இருமல் வந்து பலகையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரொனால்டு மைக்கில் பேசினான்.

"பரவாயில்லண்ணே. செத்த நேரம் உக்காருங்க. ஆத்தி ஆத்தி மூச்சு விடுங்க. அசையாம இருந்தாத்தான் படம் தெளிவா விழும்."

"தம்பி, நான் வேணும்னா அசையுறேன்? உள்ள கெடக்கிறது கேக்க மாட்டேங்குது."

மூன்றாம் தடவையில்தான் ஒருவழியாக முடிந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து ஒன்று, குப்புறப் படுக்க வைத்து ஒன்று. குப்புறப் படுத்தபோது தோள்பட்டை எலும்பு இரண்டும் சட்டையைக் குத்திக்கொண்டு நின்றன. அவனுக்கு வயது நாற்பத்திரண்டு.

வெளியே பெஞ்சில் அய்யம்மாள் பழைய எக்ஸ்ரே கவர்களை மடியில் அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் ஏழு எக்ஸ்ரே. காலையில் சீயக்காய் போட்டுத் தலை முழுகி வந்திருந்தாள். அப்படியும் காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. மில்லில் வேலை பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கோடு உண்டு. எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது.

அவர்கள் ஊர் செங்கரட்டுப்பட்டி, நத்தம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு மைல். ஊருக்கு மேற்கே கரடு. கரட்டடியில் கல்மாவு மில். லாரியில் வெள்ளைக்கல் வந்து இறங்கும். உடைத்து, அரைத்து, சலித்து, மூட்டை பிடித்து ஏற்றுவார்கள். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் போகிறது என்று சொன்னார்கள். விரலில் தொட்டால் பவுடர் மாதிரி வழுக்கும். கருப்புசாமி பதிமூன்று வருஷம் அரைவை வாயில் கல் தள்ளினான். மெஷின் ஓடும்போது பத்தடி தள்ளி நிற்கிற ஆள் நிழல்போலத்தான் தெரிவான். மூக்கை மறைத்து ஒரு துண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் காற்றுக்குழாயை மேலே பிடித்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொள்வார்கள். புறப்படும்போது ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் முதலாளி கொடுப்பார். அதைத் தின்றால் தொண்டையில் உள்ள தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதலாளியும் நம்பியிருக்கலாம்.

இருமல் ஆரம்பித்து எடை இறங்கியபோது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் வெள்ளை படர்ந்திருக்கிறது, டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை. இல்லாமலும் இருக்குமாம். ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் செக்கச் செவேலென்று போனது. வாய் கசந்து சோறு இறங்கவில்லை. ஆறு மாதம் முடிந்தும் இருமல் நிற்காததால், ஒழுங்காக மாத்திரை போட்டிருக்க மாட்டான் என்று மறுபடி முதலிலிருந்து கொடுத்தார்கள். ஒருநாள்கூடத் தவறாமல் விழுங்கியவன் அவன். அட்டையில் டிக் அடிக்க வருகிற நர்ஸுக்கே அது தெரியும்.

தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஆட்டுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகையைக் கழுவி அவனுக்குக் கட்டில் போட்டார்கள். அவனேதான் கேட்டு அங்கே போனான். மகள் சுகன்யாவுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா பக்கத்துல போனா ஒனக்கும் வரும்" என்று அய்யம்மாள் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். கருப்புசாமியின் அண்ணன் வீட்டார் இங்கே தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள்.

மில் மேனேஜர் பொம்மையன்தான் அந்தச் சமயத்தில் ஒரு வழி செய்தார். "நீ ஒடம்பப் பாரு. ஒம் பொண்டாட்டிய அனுப்பு. மூட்ட புடிக்கிற எடத்துல போட்டுவிடுறேன்." ஊரே அவரை நல்ல மனுஷன் என்றது. அய்யம்மாள் அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

படம் எடுத்த அன்றே டாக்டர் ஐரின் பார்த்துவிட்டார். டவுனில், நாகல் நகரில் மாடியில் சின்ன கிளினிக். நெஞ்சு வைத்தியத்துக்கென்று படித்தவர். கருப்புசாமியை முதல் தடவை பார்த்ததுமே, எக்ஸ்ரே போதாது, சி.டி. எடுத்து வாருங்கள் என்று காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இப்போது கம்ப்யூட்டரைத் திருப்பி இருவருக்கும் காட்டினார்.

"எக்ஸ்ரேங்கிறது முன்னாடி நின்னு மொத்தமா ஒரு போட்டோ எடுக்கிற மாதிரி. இது அப்படி இல்ல. வாழைக்காயைச் சீவுறோம்ல, அந்த மாதிரி நெஞ்சை மெல்லிசு மெல்லிசாச் சீவிப் பாக்கிறது. பாருங்க, கறுப்பா இருக்கிறது காத்து. அது பூராவும் கறுப்பா இருக்கணும்."

கறுப்பு முழுக்க உப்பைத் தூவிவிட்டதுபோல வெள்ளைப் பொட்டுகள். மேலே போகப் போகப் பொட்டுகள் சேர்ந்து இரண்டு பக்கமும் கட்டியாகத் திரண்டிருந்தன.

"இங்க பாருங்க. நெறிக்கட்டிகள். சுத்தி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு கட்டியிருக்கு." மௌசை நிறுத்திவிட்டு டாக்டர் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

இரண்டு வருஷத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பீடி குடிப்பியா என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணி அடிப்பியா என்று கேட்டிருக்கிறார்கள்.

"மில்லுலம்மா."

"பஞ்சு மில்லா?"

"இல்லம்மா. கல்மாவு மில்லு. வெள்ளக்கல்லு அரைக்கிறது."

"எத்தனை வருஷம்?"

"பதிமூணு."

டாக்டர் திரையில் படங்களை மறுபடி ஒருதடவை தள்ளிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இது டிபி இல்லைங்க. சளியை ரெண்டு தடவை புது மெஷின்லயும் வச்சுப் பாத்தாச்சு. கிருமி இல்லை. எக்ஸ்ரேல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், அதான் ஏமாந்திருக்காங்க. இது கல் தூசி. சிலிகோசிஸ்னு பேரு."

"டிபி இல்லையா?" அய்யம்மாள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்ப ஒட்டாதாம்மா? எங்களுக்கு ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது. எப்பவுமே ஒட்டியிருக்காது."

கருப்புசாமி சிரித்தான். அவன் சிரித்து அய்யம்மாள் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல புள்ள. எங்க வம்சத்துலயே அது கெடையாதுன்னு." அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"மருந்து எழுதிக் குடுங்கம்மா" என்றான். "எம்புட்டுக் கசப்பா இருந்தாலும் தின்னுருவேன். எனக்குப் பழக்கம்."

டாக்டர் பேனாவை எடுத்து வைத்திருந்தவர் எழுதவில்லை.

"இளைப்புக்கு மருந்து தாரேன். இருமலுக்குத் தாரேன். உள்ள போன கல்லை வெளிய எடுக்க மருந்து இல்லைங்க. இதுவரைக்கும் கண்டுபிடிக்கலை. ஆனது ஆனதுதான். இனிமே கூடாம பாத்துக்கணும்."

 டிபி என்றால் மாத்திரை உண்டு, நாள் கணக்கு உண்டு, முடிவு உண்டு. இதற்கு அதெல்லாம் இல்லை என்று இருவருக்கும் மெதுவாகத்தான் புரிந்தது.

"அந்த மில்லுல இப்ப வீட்டுல வேற யாரும் வேலை பாக்கிறீங்களா?"

கருப்புசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அய்யம்மாள்தான் சொன்னாள். "நாந்தாம்மா. இவுகளுக்குப் பதிலா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுது."

"நாளையில இருந்து போகாதீங்க. நீங்களும் ஒரு படம் எடுத்துரணும்."

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன். அவுகளப் பாருங்க."

கீழே இறங்க பதினாறு படி. கருப்புசாமி இரண்டு இடத்தில் நின்றான். தெருவுக்கு வந்ததும், "பிரியாணி திம்பமா?" என்றான்.

மத்தியான நேரம். அண்டாவைத் திறந்த வாசம் தெருவை அடைத்துக் கிடந்தது. கடைப் பையன் இரண்டு இலையைக் கொண்டு வந்தபோது, "ஒரு எல போதும்ப்பா" என்றான் கருப்புசாமி. ஒரே இலையில் சீரகச்சம்பாச் சோறு குமித்து வைத்தார்கள். அவள் கறித்துண்டுகளைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் திரும்பத் தள்ளினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் எச்சில் ஒருவருக்குப் பட்டது. நாலு வாய்க்குமேல் அவனால் முடியவில்லை. மென்று விழுங்குவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

"நாந்தான் ஒன்னைய அங்க அனுப்புனேன்" என்றான்.

"நீங்களா அனுப்புனீக? வயிறு அனுப்புச்சு. தின்னுங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலைக் கொட்டகையிலிருந்து உள்ளே தூக்கிப் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுகன்யா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாத்தா" என்றான் கருப்புசாமி. "அப்பாவுக்கு ஒட்டுற சீக்கு இல்லையாம். டாக்டரம்மா சொல்லிட்டாக. கிட்ட வா."

பெண் அம்மாவைப் பார்த்தாள். "போ, ஒண்ணும் செய்யாது" என்றாள் அய்யம்மாள். சுகன்யா மெதுவாக வந்தாள். அவன் அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துத் தலையைத் தடவினான். அவள் அசையவில்லை, பேசவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அப்போதுதான் அவன் கவனித்தான்: அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து கண் பிதுங்குகிறவரை பிடித்திருந்து, இறங்கி வாசலுக்கு ஓடிப்போய் அங்கே நின்று மூச்சு வாங்கினாள்.

"நீதான புள்ள சொல்லிக் குடுத்த?" என்றான். அய்யம்மாள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மில் வாசலுக்குப் போனாள். பெண்கள் புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவளோடு ஜோடியாக மூட்டை பிடிக்கிற சைதூன், "வாத்தா, ஒரு வா தின்னு. கத்திரிக்கா வெஞ்சனம்" என்று இடம் ஒதுக்கினாள். சைதூன் பத்து வருஷமாக அங்கே இருக்கிறாள். புருஷன் இல்லை. இரண்டு பெண்களில் மூத்தவள் டவுனில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அய்யம்மாள் ஸ்கேன் பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பெண்கள் கையில் சோற்றோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

"இந்தப் பொட்டெல்லாம் நம்ம மாவா?" என்றாள் ஒருத்தி.

"நம்ம மாவுதான். அக்கா, ஒனக்கும் ஆறு மாசமா இருமுது. நீ ஒரு படம் எடுத்துரு."

சைதூன் தூக்குச்சட்டியை மூடினாள். "ஒம் புருசன் பீடி குடிச்சாரு."

"எப்பவோ குடிச்சாக. டாக்டரம்மா..."

"எனக்கு மூக்கடைப்பு. வேப்பம்பூ உதுந்தா வரும். இங்க பாரு அய்யம்மா, எங்கிட்ட இதச் சொல்லாத. தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எம் மகளுக்கு இன்னும் ரெண்டு வருசப் படிப்பு கெடக்கு. அது முடியுறமட்டும் எனக்கு ஒண்ணும் இல்ல. புரிஞ்சுச்சா?"

"அக்கா..."

"போத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மணி அடிப்பதற்கு முன்னாலேயே சைதூன் எழுந்து உள்ளே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். உள்ளே சுவிட்சைப் போட்டார்கள். தகரம் அதிர, வாசல் வழியாக வெள்ளைப் புகை வெளியே வந்தது.

மூன்றாம் நாள் பொம்மையன் ஒரு சீப்புப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நலம் விசாரித்தார். வெயில் அதிகம் என்றார். பிறகு, "அந்தப் படத்தையும் ரிப்போட்டையும் குடு கருப்பு. மொதலாளிக்கு மதுரையில பெரிய டாக்டரத் தெரியும். காமிச்சுட்டுத் தாரேன்" என்றார்.

"அதுல டிபி இல்லன்னு போட்டுருக்குண்ணே."

"போட்டுருக்கட்டும். சர்க்காரு அட்டையில டிபின்னுதான இருக்கு? அது பாட்டுக்கு அப்பிடியே இருக்கட்டும்ங்கிறேன். ஏதாச்சும் ஆபீசரு வந்து கதவ மூடிட்டான்னா நாப்பது குடும்பம் என்னத்தத் திங்கும்? நீயே ரோசன பண்ணு."

கருப்புசாமி ரொம்ப நேரம் மூச்சு வாங்கினான். "அண்ணே, நீங்களும் பதினஞ்சு வருசமா அந்தத் தூசிக்குள்ளதான் மேச போட்டு உக்காந்துருக்கீக. நீங்க ஒரு படம் எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டையும் சேத்து மொதலாளிகிட்டக் குடுப்போம்."

பொம்மையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பழத்தை விட்டுவிட்டுப் போனார். அதை யாரும் தொடாமல் கறுத்துப்போனது.

அய்யம்மாள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மில் தூசியைப் பற்றி மனுக் கொடுத்தாள். டாக்டர் ஐரினும் கடிதம் எழுதியிருந்தார். ஒரு மாதம் கழித்து ஆபீசர்களோடு ஜீப் வந்தது. தூசியை அளந்தார்கள், எழுதினார்கள், மில்லைப் பூட்டினார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் ஊரில் அடுப்பு எரியாத வீடுகளின் பேச்செல்லாம் அவள் வாசலில் வந்து விழுந்தது. "தாலி போகப்போற வெறியில ஊரு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று குழாயடியில் அவள் காதுபடச் சொன்னார்கள். அண்ணன் பெண்டாட்டி குடத்தைத் தள்ளி வைத்தாள். முதலில் சீக்குக்காக விலக்கியவர்கள் இப்போது மனுவுக்காக விலக்கினார்கள். பன்னிரண்டாம் நாள் தூசி உறிஞ்சுகிற பெரிய குழாய் ஒன்றை மாட்டிவிட்டு மில் ஓடியது. கரண்ட் அதிகம் இழுக்கிறது என்று ஒரு வாரத்தில் அந்தக் குழாயை நிறுத்திவிட்டார்கள். ஜீப் மறுபடி வரவில்லை.

அவள் நத்தம் பக்கம் புளி தட்டப் போனாள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்க வேண்டும். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் அரித்து எரியும். ஆனால் மூச்சு விட முடிந்தது. புளி முடிந்ததும் மாம்பழம் பொறுக்கப் போனாள். மாம்பழமும் முடிந்து ஆடிக்காற்று தொடங்கியபோது கருப்புசாமி உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்திருந்தான். படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். சட்டை மாட்டுவதற்குள் இளைத்துப்போவான். சுகன்யா இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மூச்சைப் பிடிப்பதில்லை. ஆனால் மடியில் ஏறவும் இல்லை. அந்த வயது தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்தாம் நாள் டாக்டர் ஐரின் பார்க்க வந்தவர், வராந்தாவில் அய்யம்மாள் இருமுவதைக் கேட்டு நின்றார். அவர் கேட்கவில்லை, உத்தரவு போட்டார். அன்றைக்கே படம் எடுத்தார்கள். அய்யம்மாளால் மூச்சை நன்றாகப் பிடிக்க முடிந்தது. ஒரே தடவையில் முடிந்துவிட்டது.

"மேல் பக்கம் மட்டும் சின்னச் சின்னப் பொட்டு" என்றார் டாக்டர். "எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்காது, சி.டி.ங்கிறதால தெரியுது. ஆரம்பம்தான். தூசியை விட்டுட்டீங்க, அது நல்லது."

"விட்டுட்டா நிக்குமாம்மா?"

"சிலபேருக்கு நிக்கும். சிலபேருக்கு அதுபாட்டுக்கு வளரும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருதடவை வாங்க."

வார்டுக்குள் வந்தாள். கருப்புசாமி மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டான். "ஒனக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம். சளி கட்டியிருக்காம்."

"நெசமாவா?"

"நெசந்தான். சுத்தமா இருக்குன்னாக."

"அப்பச் சரி" என்றான். "அது போதும்." மாஸ்க்கை அவளே சரியாக வைத்துவிட்டாள். நான்கு நாள் கழித்து, வெயில் ஏறுகிற நேரத்தில், காலைக் கஞ்சியை வாங்கிக்கொண்டு அவள் வருவதற்குள் செத்துப்போனான்.

எடுத்துப் போட ஆள் குறைவு. அண்ணன் வந்தான். அண்ணன் பெண்டாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றாள். மில்லில் யாரும் லீவு போடவில்லை.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அய்யம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்து பூக்கடைக்கு முல்லைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். சைதூன் வந்தாள். வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ரோட்டிலிருந்து வீடு இருபதடிதான். துப்பட்டி ஈரமாக இருந்தது, வியர்வை. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது.

"வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள். "மையத்து எடுக்கயிலயும் வரல."

"உக்காருக்கா."

சைதூன் சுவரோரமாக உட்கார்ந்தாள். சரத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், கருப்புசாமியின் சட்டை தொங்குகிற ஆணியைப் பார்த்தாள். "ஏத்தா, அந்தப் படம் எடுக்கிற எடம் எங்கிட்டு இருக்கு?"

அய்யம்மாளுக்கு உடனே ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. குழாயடியில் கேட்ட அத்தனைக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. அதை விழுங்கினாள். 

"பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோல போகணும். நாளைக்கி நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீயும் ஒண்ணு எடுத்துக்க. ரெண்டு பேரும் சேந்தாப்புல."

"எனக்கு எடுத்தாச்சுக்கா."

சைதூன் நிமிர்ந்தாள். "என்னா சொன்னாக?"

"இருக்கு. அவுக அளவுக்கு இல்ல."

"அவருக்குத் தெரியுமா?"

"சுத்தமா இருக்குன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சேன்."

சைதூன் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைக்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. அது நிற்கிறவரை அய்யம்மாள் அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். உள்ளங்கைக்கு அடியில் விலா ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது.

வெளியே சுகன்யாவின் குரல் கேட்டது. யாரோடோ பேசிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அய்யம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ளைக்குத் தெரியாது. கண்ணத் தொடச்சுக்க."

சைதூன் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். "வெறும் வயித்துல வரணுமா?"

"வேணாம். சாப்ட்டுட்டே வா. மொத பஸ்ஸுக்குப் போயிட்டா கூட்டம் இருக்காது."